சீசரின் இடது சிறுநீரகத்தையும் பாருங்கள்

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் எட்டு வயது ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு. சீசர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய சிறுநீர் பீட்ரூட் சாறு போலச் சிவந்து வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். நிற்பதும் திரும்ப வருவதுமாக இருந்தது. 36 கிலோ இருந்தவன் 31 கிலோவுக்கு இறங்கினான். பிறகு ஸ்கேன் எடுத்ததில் வலது சிறுநீரகத்தில் 8 செ.மீ. கட்டி தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம், அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2, ஹீமோகுளோபின் 10. நெஞ்சு எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை.

“கிரியேட்டினின் சரியாக இருக்கும்போது கிட்னியில் கேன்சர் எப்படி வரும்? வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்குமா? ஒரு கிட்னியை எடுத்தால் பிழைப்பானா?” என்று கேட்கிறார். அப்பா, ‘கஷ்டப்படுத்த வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம்’ என்கிறாராம். சீசர் சுருண்டு படுத்த நாட்களில் தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுத்தவரும் அவர்தான். அம்மா கறியை அடியோடு நிறுத்திவிட்டு, பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் ஊற்றுகிறார். பத்து வயது மகன் இரவில் அவனைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். மகனுக்கும் ஒட்டிவிடுமோ என்ற பயம் வேறு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் என்னை நிறுத்தியவை நீங்கள் கேள்வியாகக் கேட்காத இரண்டு வரிகள். ஒன்று, “இரண்டு வருஷமாகக் கால்களில் வேர்க்கடலை அளவுக்குக் கெட்டியான உருண்டைகள் இருக்கின்றன, வலிப்பதில்லை, கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டோம்” என்று போகிற போக்கில் எழுதியது. இன்னொன்று, நீங்கள் இணைத்திருந்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி: இடது சிறுநீரகத்தில் மூன்று சிறிய நீர்க்கட்டிகள். எல்லோருடைய கண்ணும் 8 செ.மீ. கட்டியிலேயே நின்றுவிட்டது. அது இயல்புதான். ஆனால் சீசருக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்ற முடிவு அந்த மூன்று நீர்க்கட்டிகளிடம்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று. சிவந்த சிறுநீரை உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்ததற்காக உங்கள் மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊரில் நாய்க்குச் சிவப்பாகப் போனால் நானும் முதலில் பேபீசியா என்ற உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைப்பேன். எலிக்காய்ச்சல், சிறுநீர்ப்பைக் கல், புராஸ்டேட் வீக்கம், தெரு நாய்களில் இனச்சேர்க்கையால் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி என்று இதற்குக் காரணங்கள் பல. வேறுபடுத்த எளிய வழி உண்டு. சிறுநீரைக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால், ரத்தமே கலந்திருந்தால் சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். பேபீசியாவில் ரத்த அணுக்கள் உள்ளேயே உடைந்து நிறம் கரைந்து வருவதால் சிவப்பு தெளியாது. நோய் திரும்பத் திரும்ப வந்தபோது இதைப் பார்த்திருக்கலாம். சரி, இப்போதாவது ஸ்கேன் வரை வந்துவிட்டீர்கள்.

கிரியேட்டினின் காட்டாதது

கிரியேட்டினின் சரியென்றால் கிட்னி சரி என்று நீங்கள் மட்டுமல்ல, பலரும் நம்புகிறார்கள். அந்த எண் ஏறுவதற்கு இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் பங்கு வேலைத்திறனை இழந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் கட்டி தின்றுவிட்டாலும் மறுபக்கம் தனியாளாகச் சமாளிக்கும்; ரத்த அறிக்கை பளிச்சென்று இருக்கும். போதாததற்கு, கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் பொருள். ஐந்து கிலோ இளைத்துத் தசை வற்றிய நாய்க்கு அந்த எண் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே 1.2 என்பதை ‘இப்போதைக்கு உடம்பில் கழிவு தேங்கவில்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை கிரியேட்டினினைவிட முன்னதாகவே பழுதைக் காட்டும். அதையும், சிறுநீரின் அடர்த்தியையும், அதில் புரதம் எவ்வளவு கசிகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கால் உருண்டைகளும் நீர்க்கட்டிகளும்

நாய்களுக்கு வரும் புற்றுக்கட்டிகளில் சிறுநீரகத்திலேயே தொடங்குபவை நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேறு எங்கோ தொடங்கிச் சிறுநீரகத்துக்கு வந்து சேர்பவையே அதிகம். அங்கேயே தொடங்குபவற்றில் பெரும்பாலானவை கெட்ட கட்டிகள். முதலிடம், உறுப்பின் உள்பூச்சு அணுக்களில் தொடங்கும் கார்சினோமா வகைக்கு. நிணநீர் அணுக்களின் புற்றான லிம்போமா என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். இளம் நாய்களில் நெஃப்ரோபிளாஸ்டோமா என்று ஒரு வகை உண்டு.

ஆனால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கென்றே பரம்பரையாக வரும் ஒரு நோய் இருக்கிறது. 1985-ல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகளும் புற்றுக்கட்டிகளும் பல இடங்களில் கிளம்பும். கூடவே கால்களிலும் தலையிலும் தோலுக்கடியில் கெட்டியான, வலியில்லாத உருண்டைகள் வரும். பெண் நாயென்றால் கருப்பையிலும் தசைக்கட்டிகள் வரலாம். ஃபோலிகுலின் என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று 2003-ல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் அதே மரபணு கெட்டால் வருவது பர்ட்–ஹாக்–டூபே நோய். அதிலும் தோலில் சிறு கட்டிகளும் சிறுநீரகக் கட்டிகளும் சேர்ந்து வரும்.

சீசரின் இனம், எட்டு வயது, இரண்டு வருஷமாக இருக்கும் கால் உருண்டைகள், வலதில் கட்டி, இடதில் நீர்க்கட்டிகள். ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இந்த நோயின் மேல்தான் சந்தேகம் போகிறது. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வயதான நாயின் சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி இருப்பதும் உண்டு. அந்த உருண்டைகள் வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். ஆனால் கொழுப்புக் கட்டி அழுத்தினால் மெத்தென்று வழுக்கும். நீங்கள் ‘கெட்டியாக’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. காலில் ஓர் உருண்டையை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் போதும். உள்ளே அடர்ந்த கொலாஜன் நார் மட்டுமே இருந்தால் சந்தேகம் வலுக்கும். மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது. சிறுநீரகக் கட்டியில் ஊசி குத்திப் பார்ப்பது ரத்தக்கசிவுக்கும், புற்றணுக்கள் சிந்துவதற்கும் இடம் தரும். கால் உருண்டையில் அந்த ஆபத்து இல்லை. அப்புறம், அந்த உருண்டைகள் புற்று காலுக்குப் பரவியதன் அடையாளம் என்று பயப்படாதீர்கள். இந்த நோய்தான் என்றால் அவை புற்றே அல்ல. ஒரே மரபணுப் பிழை இரண்டு இடத்தில் காட்டும் இரண்டு முகம்.

மற்ற உறுப்புகளில் என்ன நடக்கும்

பரவியிருக்குமா என்று கேட்டீர்கள். சிறுநீரகப் புற்று மற்ற உறுப்புகளைத் தொடுவது இரண்டு விதம். ஒன்று, புற்றணுக்களே போய் அங்கே குடியேறுவது. இன்னொன்று, கட்டி இருந்த இடத்திலேயே இருந்தபடி ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் கலைப்பது. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் சிகிச்சையால் நம் கைக்கு அடங்குவதில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பும் ரத்தம் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அடுத்து நேராக நுரையீரலில் வடிகட்டப்படுகிறது. உதிர்ந்த புற்றணு முதலில் சிக்குவது அங்கேதான். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். ஒரே படம் போதாது. இரண்டு பக்கமும் படுக்கவைத்து ஒவ்வொன்று, மல்லாக்க ஒன்று என மூன்று கோணம் வேண்டும். நுரையீரலுக்கு அடுத்து பக்கத்து நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், அட்ரினல் சுரப்பி, எலும்பு, சில நேரம் மூளை. வலது சிறுநீரகம் பெருஞ்சிரையை ஒட்டியே இருப்பதால் கட்டி அந்தக் குழாய்க்குள்ளேயே வளர்ந்து நுழைவதும் உண்டு. அப்படியானால் பின்னங்கால்கள் வீங்கலாம். அறுவை சிகிச்சையும் பல மடங்கு ஆபத்தாகிவிடும். ஸ்கேன் செய்பவரிடம் பெருஞ்சிரையைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி இரண்டாவது விதம். சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும். நாய்க்கு பி.பி. பார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள், காலிலோ வாலிலோ பட்டை கட்டி. மேல் அழுத்தம் தொடர்ந்து 160-ஐத் தாண்டினால் கண், இதயம், மூளை, மிச்சமிருக்கும் சிறுநீரகம் எல்லாமே அடிவாங்கும். இரவு நன்றாக இருந்த நாய் காலையில் சுவரில் முட்டிக்கொள்ளும். பார்த்தால் விழித்திரை பிய்ந்து வந்திருக்கும். தினம் ஓர் அம்லோடிபின் மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு அது. சீசருக்கு இதுவரை ஒரு தடவைகூட பி.பி. பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள்.

ரத்தத்திலும் இரண்டு எதிரெதிர் விளைவுகள் வரலாம். எலும்பு மஜ்ஜையை ‘சிவப்பணு செய்’ என்று ஏவும் எரித்ரோபாய்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சில கட்டிகள் அதை அளவில்லாமல் சுரக்கவைக்கும். ரத்தம் குழம்பு போலத் தடித்து, ஈறு செங்கல் நிறமாகி, வலிப்புகூட வரும். சீசருக்கு அது இல்லை. ஹீமோகுளோபின் 10 என்பது ரத்தம் போய்ப் போய் வந்த சோகை. அவனுடைய சோர்வில் ஒரு பங்கு இதனால்தான்.

நெஞ்சிலோ வயிற்றிலோ பெரிய கட்டி இருக்கும் சில நாய்களுக்கு நான்கு கால் எலும்புகளின் மேலும் புது எலும்பு படர்ந்து, கால்கள் சூடாக வீங்கி நொண்டும். உருண்டைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உருண்டை வலிக்காது, இது வலிக்கும். கடைசியாக, இரண்டு சிறுநீரகமும் தோற்கும் கட்டத்தில் கழிவு தேங்கி வாயில் புண், மூச்சில் நாற்றம், வாந்தி, பசியின்மை வரும். அந்தக் கட்டத்தில் சீசர் இன்னும் இல்லை.

எடுக்கலாமா?

கட்டி ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் நன்றாக வேலை செய்கிறது, நுரையீரல் சுத்தம், பெருஞ்சிரையில் கட்டி நுழையவில்லை. இந்த நான்கும் பொருந்தினால் சிறுநீரகத்தை எடுப்பதுதான் நல்ல வழி. ஒரே சிறுநீரகத்தோடு நாய் நிம்மதியாக வாழும். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்று வந்த 82 நாய்களைப் பற்றி 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் கார்சினோமா நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) 16 மாதம், தசை, நார் போன்ற திசுக்களில் தொடங்கும் சார்கோமா வந்த நாய்களுக்கு 9 மாதம். சில நாய்கள் பல ஆண்டுகளும் இருந்தன, வேறு சில ஒருசில நாட்களிலேயே போயின. எட்டு வயது நாய்க்கு 16 மாதம் சின்ன காலமில்லை. கீமோ பற்றி யாராவது சொன்னால், லிம்போமாவுக்கு அது கேட்கும். கார்சினோமாவில் பலன் உண்டென்று நிரூபணம் இல்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஆனால் நான் சந்தேகப்படும் பரம்பரை நோய்தான் என்று உறுதியானால் கதை வேறு. இன்று வலதை எடுத்தால் மிஞ்சுவது, அதே பிழையைச் சுமந்துகொண்டு ஏற்கெனவே நீர்க்கட்டி கிளம்பிய இடது சிறுநீரகம். அதை நம்பி, நன்றாக வேலை செய்யும் வலதின் மிச்சப் பகுதியையும் சேர்த்துத் தூக்கி எறிவது பெரும்பாலும் நாயின் காலத்தைக் கூட்டாது, குறைக்கவும் கூடும். நானாக இருந்தால், ரத்தப்போக்கை வேறு எதனாலும் நிறுத்த முடியாவிட்டால் தவிர, எடுக்கச் சொல்ல மாட்டேன். இந்த நோய் மெதுவாக நகர்வது. உருண்டைகள் தெரிந்த பிறகும் பல நாய்கள் இரண்டு மூன்று வருஷம் இருக்கின்றன. சீசருக்கு அதில் இரண்டு வருஷம் கழிந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு முறை காட்டுங்கள். ‘இடது சிறுநீரகம் தனியாகத் தாங்குமா?’ என்று நேராகக் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில்

அப்பாவின் மூட்டுவலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையெல்லாம் நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், குடலிலும் புண்ணாக்கும். அவர் பாசத்தில்தான் கொடுத்தார், அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். வலிக்கு டிரமடால், கபாபென்டின் போன்றவை உண்டு. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

அம்மாவிடம் கறியால் இது வரவில்லை என்று சொல்லுங்கள். கழிவு தேங்காத நாய்க்குப் புரதத்தை நிறுத்துவது பட்டினி போடுவதுபோலத்தான். அந்த ஐந்து கிலோவில் அதற்கும் பங்கு இருக்கலாம். எலும்பில்லாத வேகவைத்த கோழி, முட்டை வெள்ளை, சோறு கொடுங்கள். ஈரல் வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம். பின்னால் கிரியேட்டினினும் பாஸ்பரஸும் ஏறினால் அப்போது குறைப்போம். வாழைத்தண்டுச் சாறு கட்டியைக் கரைக்காது. சாப்பாட்டுக்கு இடமில்லாமல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் எப்போதும் வைத்திருங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் எந்த நாய்க்கும் ஆகாது, அதன் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

மகனுக்குப் புற்று ஒட்டாது. தாராளமாகக் கட்டிக்கொண்டு தூங்கட்டும். எலிக்காய்ச்சல் மட்டும் சிறுநீர் வழியாக மனிதருக்கு வரும். அது இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை, தரையில் சிந்தியதைப் பெரியவர்கள் கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அறிகுறிகள் இவை: ஈறு வெளிறி திடீரென்று சுருண்டு விழுவது, வயிறு உப்புவது (கட்டி உள்ளே வெடித்திருக்கலாம்), முக்கியும் சிறுநீர் வராமல் நிற்பது (ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்), திடீரென்று கண் தெரியாமல் தடுமாறுவது, வலிப்பு, படுத்திருக்கும்போதே மூச்சு இரைப்பது.

அப்பா சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கேட்பது தவறான கேள்வி இல்லை, காலம்தான் முந்திவிட்டது. வாலாட்டி வாசலுக்கு வரும் நாய்க்கு, நோய்க்கே இன்னும் பெயர் தெரியாத நாய்க்கு, நான் அந்த ஊசி போடமாட்டேன். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சோற்றைத் திரும்பிப் பார்க்காமல், எழுந்து போய்ச் சிறுநீர் கழிக்கவும் முடியாமல், மருந்துக்கும் வாந்தி நிற்காமல் அவன் படுத்துவிட்டால், அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே கேளுங்கள். முதலில் தூக்க ஊசி, அவன் நன்றாகத் தூங்கிய பிறகுதான் அடுத்தது. வலி இருக்காது. முடிந்தால் வீட்டுக்கே வந்து செய்யச் சொல்லுங்கள். மகனிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள், எங்கோ தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் சீசருக்குப் பிறந்த குட்டிகளில் இரண்டு உங்கள் சித்தப்பா வீட்டில் இருப்பதாகப் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். பயாப்சி முடிவு நான் நினைப்பதுபோல வந்தால், தாய் நாயிடம் அந்தப் பிழை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குட்டிக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வயதில் தோலில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்கேனில் நீர்க்கட்டி தெரியத் தொடங்கியிருக்கலாம். சித்தப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். இரண்டுக்கும் ஸ்கேன் எடுக்கட்டும். முடிவு தெரியும்வரை இனம் சேர்க்க வேண்டாம். அந்த ஈற்றில் மற்ற குட்டிகளை வாங்கிப் போனவர்களின் எண்கள் யாரிடமாவது இருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.